சாயங்காலத்துக்குள் ஒரு சொல்

அடியே,

இன்று காலை பேகம்பேட்டில் நம் டீக்கடைக்காரர் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போன பிறகு அந்தக் கடைப் பக்கமே நான் போகவில்லை. ஏலக்காய் வாசனையே மூக்கில் ஏறக் கூடாது என்று எதிர்ச்சாரியில் நடந்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இன்று மழை பிடித்துக்கொண்டதால் வேறு வழியில்லாமல் அங்கே ஒதுங்கினேன். கேட்காமலே ஒரு டீயை நீட்டியவர், என் முகத்தைப் பார்க்காமல் இங்கிலீஷில் சொன்னார்: "ப்ரொஃபவுண்ட் லாஸ், மேடம். ப்ரொஃபவுண்ட்."

டம்ளர் ஆடி, டீ என் புடவையில் கொட்டியது. தெலுங்கும் ஹிந்தியும் தவிர வேறெதுவும் அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. உன்னைத் தவிர யாருக்கு அந்த வேலை!

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச ஆங்கிலத் தேர்வு வைக்கப்போகிறார்கள், தேறாதவர்களை வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆபீசில் அறிவித்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் திண்டுக்கல்லில் தமிழ் மீடியம். நீ வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம், ஆனால் படித்தது தெலுங்கு மீடியம். "கைக்குடீ, ஏன்டீ அழறே? நாம ரெண்டு பேரும் பாஸ் ஆகறோம். வேற வேற ஆபீஸ்ல உக்காந்து தனித்தனியா டப்பா தொறக்கற கதையெல்லாம் நக்கோ, வேணவே வேணாம்" என்றாய். நம் லட்சியமே அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மேஜை.

அதற்காகவே போலாரத்திலிருந்து உன் ஸ்கூட்டரில் ஆபீசுக்கு வரும்போது பின்னால் உட்கார்ந்து நான் கடினமான சொற்களை உரக்க வாசிப்பேன். எந்தச் சொல்லோடு எது சேரும், எது சேராது என்று சிக்னலுக்குச் சிக்னல் சண்டை போடுவோம். உன் சட்டம் ஒன்று உண்டு. "படிச்ச வார்த்தையை சாயங்காலத்துக்குள்ள உசிரோட இருக்கற ஒரு ஆள்கிட்ட சொல்லிடணும். கண்ணாடி முன்னால சொன்னா செல்லாது."

உன்னால் நான் பட்ட மானக்கேடு கொஞ்சமா! ஸ்கூட்டர் மக்கர் செய்த அன்று ஆட்டோக்காரரிடம் "வெரி எகனாமிக் ஆட்டோ" என்று நான் உளற, "ஹவ், ஆமாமா, நாட்டு நிதி நிலைமையை ஓட்டிட்டிருக்காரு பாவம். செலவு மிச்சம்னா எகனாமிகல்டீ" என்று அவர் முன்னாலேயே சிரித்தாய். ப்ரொஃபவுண்ட் படித்த அன்று, "அண்ணா, உங்க டீ என் மேல ப்ரொஃபவுண்ட் எஃபெக்ட் பண்ணிடுச்சு" என்று டீக்கடையில் ஆரம்பித்தாய். "அன்டே ஏமிட்டி, மேடம்?" என்று அர்த்தம் புரியாமல் அவர் விழிக்க, அடுப்படியில் நின்று தெலுங்கில் ஒரு பாடமே நடத்தினாய். ஆழமான பாதிப்புக்கு இந்தச் சொல், பெரிய இழப்புக்கும் இதே சொல். பின்னால் நின்றவர்கள் டீக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கு நீ விட்டுவிட்டுப் போன சொல்லை அவர் இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாரே. உனக்காகவே எடுத்துச் சொல்வார் என்று யார் கண்டது?

கடைசியாக என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "நாளைக்கு உன் வார்த்தை ஹிலேரியஸ். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கறது. வெரி ஹிலேரியஸ்னு சொல்லித் தொலைக்காதே, அப்ஸல்யூட்லி ஹிலேரியஸ்" என்றாய். மறுநாள் காலை உனக்குப் பதில் உன் வீட்டுக்காரரின் போன் வந்தது. குளிக்கப் போனவள் கதவைத் திறக்கவில்லை என்றார். மாரடைப்பாம். உனக்கா? படி ஏறும்போதுகூட வாய் ஓயாத உனக்கா? இன்னும் நம்ப முடியவில்லையடி. உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில் என் மண்டைக்குள் அந்தப் பாழாய்ப்போன ஹிலேரியஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்று மதியம்தான் தேர்வு. போகப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நீ இல்லாத மேஜைக்காக நான் ஏன் தேற வேண்டும்? எந்த ஊருக்கு மாற்றினால் என்ன? ஆனால் அந்த "ப்ரொஃபவுண்ட்" காதுக்குள்ளேயே நின்றது. அவர் தன் வார்த்தையைச் சொல்லிவிட்டார், நான் என் வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. டீக்கறைப் புடவையோடு போய்த் தேர்வு அறையில் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் கேள்வி கேட்க ஒரு சின்னப் பெண். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். மேனேஜரைப் பற்றி நாம் சேர்ந்து உருப்போட்ட பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டேன். உன் ஸ்கூட்டரைச் சொன்னேன், ஆட்டோவைச் சொன்னேன், டீக்கடைப் பாடத்தைச் சொன்னேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் நான் உடைந்துபோனேன். அழுதுகொண்டே சொன்னேன்: "ஷி வாஸ் அப்ஸல்யூட்லி ஹிலேரியஸ்."

அவள் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. தேறினேனா இல்லையா, தெரியாது. உசிரோடு இருக்கிற ஒரு ஆளிடம் சொல்லிவிட்டேன். நீ கொடுத்த சாயங்காலம் மட்டும் எப்போதோ போய்விட்டது.

செல்லுமாடி?