உன் காதில் கோளாறு இல்லை

இன்றைக்கும் அதைப் போட்டுக் கேட்டேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடிதான். முதலில் உன் மூச்சிரைப்பு, பின்னால் யாரோ மண்வெட்டியைத் தரையில் போடுகிற சத்தம், அப்புறம் நீ: "ஏண்டி, டெல்லிக்காரி!" போன மாதம் உன் வீட்டுக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். "அவ பழைய போன்ல இருந்து பாப்பா எடுத்துச்சு தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் பேசுனது. அவ குரல் இருக்கு, வச்சுக்க" என்று கீழே ஒரு வரி. நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார்.

அது வந்த நேரம் நான் உதவியாளராக இருக்கிற எம்.பி.யின் அறையில் உட்கார்ந்து இந்த வருடத்து வெட்டுத் தீர்மானங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காதில் உன் குரல், திரையில் 'வெட்டு' என்கிற அந்தச் சொல். போன ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள், இத்தனை மாதம் கழித்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு செலவு இருக்கிறது, அனுமதி கொடுங்கள் என்று அரசாங்கம் மக்களவையிடம் கேட்கும். அதுதான் மானியக் கோரிக்கை. அந்தத் துறை மேல் ஓர் உறுப்பினருக்குக் குறை இருந்தால், 'கேட்கிற தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுக்கலாம். அதுதான் வெட்டுத் தீர்மானம். கோடிக்கணக்கில் கேட்கிற இடத்தில் நூறு ரூபாயை வெட்டி யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தச் சாக்கில் குறையைப் பேசலாம், அவைக் குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். கடைசியில் எல்லா வெட்டுத் தீர்மானங்களையும் ஒரே கட்டாகச் சேர்த்து ஓட்டுக்கு விடுவார்கள். 'இல்லை' என்று ஒரு சத்தம் எழும், எல்லாம் தோற்றுப்போகும். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒன்றுகூட ஜெயித்துப் பார்த்ததில்லை.

நம் ஊரில் வெட்டு என்றால் வேறு. கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது இறங்கி, மேடு தட்டிய மண்ணையும் காட்டாமணக்கையும் அள்ளி வெளியே போடுவதுதான் வெட்டு. 'இந்த வருஷம் வெட்டு உண்டா?' என்று கேட்டால் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடையில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். வெட்டினால் கல்லணைத் தண்ணீர் நம் ஊர்வரை வரும். வெட்டாவிட்டால் ஒரத்தநாட்டுப் பக்கமே வயிறு நிறைந்து படுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் செய்தேன். அதுதான் வெட்கக்கேடு.

எங்கள் எம்.பி. நம் தொகுதிக்காரர்கூட இல்லை. ஆறு காணாத மாவட்டம் அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாசனத்துக்கான செலவு விவாதத்துக்கு வருகிறது என்றதும், நம் வாய்க்காலைச் சேர்த்து ஒரு வெட்டுத் தீர்மானத்தை எழுதி, "சார், இது எங்க ஊரு சார்" என்று கெஞ்சி அவர் கையெழுத்தை வாங்கியவள் நான். அவர் தமிழிலேயே பேசுகிறார் என்று தெரிந்ததும் உனக்கு லிங்க் அனுப்பினேன். நீ நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில், போனை மண்வெட்டிக் காம்பில் சாய்த்துவைத்து, ஏழெட்டுப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாய். அவர் நம் ஊர்ப் பெயரைச் சொன்னார், கடைமடை என்றார், வெட்டுத் தீர்மானம் என்றார். அதற்குப் பிறகு இந்தியும் இங்கிலீஷும்தான். 'இல்லை' என்று எழுந்த சத்தத்தை நீங்கள் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

உடனே கூப்பிட்டாய். அந்த அழைப்புதான் இப்போது என் கையில் இருக்கிறது.

"ஏண்டி, டெல்லிக்காரி! கேட்டோம்டி. நம்ம ஊர் பேரைச் சொல்றாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு."

"நான் எழுதிக் குடுத்ததுதான்டி அது, அத்தனையும்."

"வெட்டுத் தீர்மானம்னாரே, வெட்டுன்னா நம்ம வாய்க்கால வெட்டுறதுதானே?"

இங்கே இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

"ஆமாண்டி. வெட்டுறதுதான். இங்க கூட்டமா இருக்கு, அப்புறம் பேசறேன்."

"அப்ப இந்த வருஷம் குறுவை போடலாம்ங்கற?"

"போடு, போடு."

நீ போனை வைக்காமலே திரும்பி, "வெட்டு உண்டாம்டி!" என்று கத்துகிறாய். அதோடு முடிகிறது.

அந்த இரண்டு விநாடியில் என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அப்போதுதான் எம்.பி. என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்லா எழுதியிருந்தீங்கம்மா" என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் மற்ற உறுப்பினர்களின் உதவியாளர்கள் இரண்டு பேர் நின்றார்கள். உன் குரலில் அவ்வளவு பெருமை. நம் இரண்டு வீட்டிலும் முதன்முதலாக ஊரைத் தாண்டியவள் நான், எனக்காக நீ அங்கே ஏழெட்டுப் பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கிறாய். இது நூறு ரூபாய் சமாசாரம், அதுவும் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தோற்றுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைவிட நான் பெரியவள் என்று இன்னும் கொஞ்ச நேரம் நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்புறம் பேசுகிறேன் என்றேனே, பேசினேன். பத்து நாள் கழித்து. என் வீட்டு வாடகை, டெல்லி வெயில், உன் மகளின் பரீட்சை எல்லாம் பேசினேன். சித்திரையில் நீயே கூப்பிட்டு, சிங்கப்பூரில் இருக்கிற ஒரு தென்னந்தோப்புக்காரருடைய இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா வயலைக் குத்தகைக்குப் பேசிவிட்டதாகச் சொன்னாய். "எங்க அப்பன் பாட்டனெல்லாம் அடுத்தவன் நாத்தைத்தான்டி நட்டாங்க. நான் என் நாத்தை நடப்போறேன்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். எப்படியும் அதிகாரிகள் வெட்டத்தானே போகிறார்கள் என்று எனக்குள்ளேயே ஒரு தீர்மானம் போட்டு, அதை ஏகமனதாக நிறைவேற்றியும்விட்டேன்.

வெட்டவில்லை. அணை திறந்தது, ஆற்றில் தண்ணீர் வந்தது, நம் வாய்க்காலின் வாயில் மண்மேடு அதைத் தடுத்து நிறுத்தியது. உன் நாற்றங்கால் முதலில் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, பாளம் பாளமாக வெடித்தது. உன் பேச்சை நம்பி விதைத்த இன்னும் மூன்று வீட்டு நாற்றும் அப்படியே. நீ எனக்குப் படம் அனுப்பினாய். கூடவே ஒரு வார்த்தை இல்லை. நானும் ஒரு அழுகிற பொம்மையை அனுப்பிவைத்தேன். அதற்குமேல் எனக்குத் துப்பில்லை.

உன் காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், மதகுக்கட்டையில் திடீரென்று நின்று, "தண்ணி வருதுடி" என்பாய். எனக்கு ஒரு இழவும் கேட்காது. வாய்க்கால் பொட்டலாகக் கிடக்கும். நான் கேலி செய்துகொண்டிருக்கும்போதே, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீரின் முனை வளைவில் தெரியும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்தக் காதைத்தான் நீ ஆடி மாதத்தில் எல்லார் முன்னாலும் பழித்தாய். நான் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். நீ என்னை அழைத்துப்போக வந்து, என் பையை வாங்கித் தோளில் போட்டிருந்தாய். டீக்கடை பெஞ்சில் நாற்று கருகிப்போன மூன்று வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அதில் பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை, "வாம்மா. டெல்லியில தீர்மானம் போட்டீங்களாமே, எங்கம்மா வெட்டு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அவளை ஏன் கேக்குறீங்க? அவ வெவரமாத்தான் சொன்னா. அது பணத்துல நூறு ரூவா வெட்டுறதாம். என் காதுதான் கோளாறு. நான் மாத்திக் கேட்டுட்டு வந்து உங்ககிட்ட உளறிட்டேன்."

"உன் போன்லதான் பேசுறதெல்லாம் தானா பதிவாகுமே. போடு, கேப்போம்" என்றாள் அந்த மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரி.

"அதெல்லாம் அழிஞ்சுபோச்சுக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையில் டீ கிளாஸ். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீயில சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். அவைக் குறிப்பில் ஏறாத என் பேச்சு அது. வீட்டுக்கு நடந்துபோகும்போதும் நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வெயில்ல வந்திருக்க. மூஞ்சி கழுவிட்டுச் சாப்பிடு" என்றாய், அவ்வளவுதான். நீ திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். நீ அதற்கும் வழி வைக்கவில்லை.

அன்றைக்கு ஒட்டிய பெயர் கடைசிவரை போகவில்லை. தீர்மானம். "தீர்மானம் வருது பாரு, குறுவை போடலாமான்னு கேளு." குத்தகை மறுவருடம் வேறு கைக்குப் போனது, நீ திரும்பவும் அடுத்தவர் நாற்றைப் பிடுங்கப் போனாய். வரப்பிலும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாய் என்று உன் மகள் சொன்னாள். உன் சாவுக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "தீர்மானம் இப்படிப் பொசுக்குன்னு போயிருச்சே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உன் பெயராகவே அது ஆகிவிட்டிருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒலிப்பதிவு வந்த அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, நீங்க அதைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே."

"முழுசாவா?"

"முழுசாத்தான். நாத்து கருகுனப்பவே பாப்பா போன்ல தேடி, அந்தத் தீர்மானம்னா என்னன்னு படிச்சுக் காட்டிருச்சு. எனக்குன்னா உன்மேல கோவம். அவதான், தங்கச்சிகிட்ட கேட்டீங்கன்னா நான் உங்ககிட்ட பேசமாட்டேன்னுட்டா."

"அப்புறம் ஏண்ணே அதை அழிக்கலை?"

"அவ அடிக்கடி போட்டுக் கேப்பா. கடைசியில வெட்டு உண்டாம்டின்னு கத்துறாள்ல, அன்னிக்கு அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் தங்கச்சி."

நான் வைத்துவிட்டேன். இந்த வருடத் தீர்மானங்களும் அவைக்குப் போயின, பேசப்பட்டன, ஒரே கட்டாகத் தோற்றன. கூட்டத்தொடர் முடிந்ததும் ரயில் ஏறினேன்.

முந்தாநாள் அதே டீக்கடைக்குப் போனேன். பெரியப்பா இருந்தார், அன்றைக்குப் பதிவைப் போடச் சொன்ன அந்த அக்காவும் இருந்தாள். "ஒன்னு கேக்கணும் எல்லாரும்" என்று சொல்லி போனை பெஞ்சில் வைத்துப் போட்டேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. "இன்னொரு தடவை போடும்மா" என்றார் பெரியப்பா. போட்டேன். "அவ கேட்டது சரிதான். நான்தான் பொய் சொன்னேன். அன்னிக்கு இங்க நின்னுக்கிட்டும் சொல்லாம இருந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப நாங்க ரெண்டு வருஷமா அந்தப் புள்ளைய..." என்று ஆரம்பித்த பெரியப்பா முடிக்கவில்லை. அந்த அக்கா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்ககிட்ட எதுக்கு இப்ப? போ, செத்தவ காதுல போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இரண்டு நாளாக உன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. நீ சரியாகக் கேட்டாய். நான் பொய் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. உன் ஆறு மா வயலை நான் திருப்பித் தர முடியாது. உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் நான் கேட்காமலே வந்துவிட்டது. இன்று காலை பஸ் நேரம் விசாரிக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "தீர்மானம், டீ போடவா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்து, "போடுங்கண்ணே" என்றேன்.