நல்லம்பள்ளி ஃபாரின் வண்டி

நல்லம்பள்ளி,
12.6.1977

தம்பி செபாஸ்டினுக்கு நூர் பாஷா எழுதுவது.

உன் அம்மா ராஜமேரி சுகம். என் வீட்டில் அமீருன்னிசாவும் சுகம். எனக்குத்தான் சுகமில்லை, கோபம்.

பெங்களூரில் மேடுபள்ளத்தில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் நீ முதலாவது வந்த படத்தைப் பேப்பரில் பார்த்தேன். பட்டறையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். அப்புறம்தான் பட்டறைப் பையன் பக்ருதீன் படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்தான்: "ஃபாரினிலிருந்து தருவித்த வண்டி என்கிறார் செபாஸ்டின்."

எந்த ஃபாரினப்பா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் பட்டறையா? பழைய ஜாவா பைக்கில் லைட்டையும் ஸ்டாண்டையும் கழற்றி எடையைக் குறைத்தது யார்? சேறு அப்பிச் சக்கரம் நிற்கக் கூடாதென்று மட்கார்டைத் தூக்கிக் கட்டியது யார்? சைலன்சரை மேலே ஏற்றி, மேட்டில் திணறாமல் இழுக்கப் பின்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக வெட்டிப் போட்டது யார்? தாவி விழும்போது உன் இடுப்பு ஒடியாமலிருக்க அந்த ஷாக் அப்சார்பரை எத்தனை தடவை மாற்றினேன்! இண்டூர் ஏரிக்கரையில் நீ விழுந்து எழுந்ததெல்லாம் மறந்துபோயிற்றா?

அதைக்கூட விடு. ஹேண்டிலில் உன் அம்மா கட்டிய அந்தோணியார் சுரூபத்தையும், நான் தர்காவில் ஓதிக் கட்டிய பச்சைக் கயிற்றையும் படத்தில் காணோம். ஃபாரின் வண்டிக்கு அதெல்லாம் ஒட்டாதோ?

இனி ரிப்பேரானால் ஃபாரினுக்கே எழுது.

நூர் பாஷா

பெங்களூர்,
20.6.1977

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

நீங்கள் திட்டியது சரி. மற்றவர்கள் வண்டியை வேனில் இறக்கினார்கள். நான் லாரியில் வந்து ஓசூர் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து தள்ளிக்கொண்டு போனேன். ஜெயித்ததும் ஒருவர் டேங்கைத் தட்டி, "இம்போர்ட்டடா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். சுரூபத்தையும் கயிற்றையும் காலையிலேயே கழற்றியிருந்தேன். அதுவும் வெட்கத்தினால்தான்.

உங்கள் கடிதம் கண்டதும் பந்தயம் நடத்துகிற கிளப்பின் செக்ரெட்டரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நல்லம்பள்ளியா? அங்கே மாட்டுவண்டிதானே செய்வார்கள்! உண்மையைச் சொல், எங்கே திருடினாய்?" என்று கேட்டார், பாய். செய்தவரைக் காட்டாவிட்டால் ஜூலை மூன்று, ஞாயிறு பந்தயத்தில் இறங்க முடியாதாம். இனி எப்போதுமே முடியாதாம்.

எந்த முகத்தோடு உங்களைக் கூப்பிடுவேன்?

செபாஸ்டின்

நல்லம்பள்ளி,
24.6.1977

தம்பி,

உன் மேலுள்ள கோபம் ஆறவில்லை. அது வரிசையில் நிற்கட்டும். முதலில் அந்த செக்ரெட்டரியைப் பார்க்க வேண்டும்.

திருட்டு வண்டியா? என் வண்டியா? மாட்டுவண்டி செய்வது மட்டும் லேசா? அந்த ஆளை ஓர் அச்சாணி அடிக்கச் சொல், பார்ப்போம்! பந்தயத்துக்கு முந்தின நாளே வருகிறேன். திடலில் எல்லாரையும் நிற்கவை. கடைசி போல்ட் வரை பிரித்துப் போட்டு, அங்கேயே மறுபடி பூட்டித் தருகிறேன். நீ ஏறித் தாண்டு. அப்புறம் அவர் சிரிக்கட்டும்.

உன் அம்மாவும் கூட வருகிறார். பேப்பரை அவர் கண்ணில் காட்டவில்லை. நேற்று பட்டறைக்கு வந்து, "அந்தோணியாரு வண்டியிலயே இருக்காருல்ல பாய், எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றார்.

நானும் தலையை ஆட்டிவிட்டேன். நாங்கள் வந்து இறங்குவதற்குள் ஹேண்டிலில் அந்த இரண்டையும் கட்டிவிடு.

நூர் பாஷா