மாதா குளத்துத் தண்ணீர்

அக்டோபர் 7, வில்லியனூர்

வெள்ளிக்கிழமை பாங்காக் போகிறேன். பதினான்காம் தேதியோடு என் மகன் லெயோ இறந்து ஒரு வருடம். அவன் மனைவி மாலி அந்த ஊர்க்காரி. அவனை எரித்து, சாம்பலைப் புத்தர் கோவில் மதிலில் வைத்துப் பூசிவிட்டாள். அப்போது நான் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். இப்போது நடக்கிறேன். கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கல்லறையிலேயே வைப்பேன். பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. அவன்மேல் தெளிக்க எங்கள் மாதா கோவில் குளத்துத் தண்ணீர் ஒரு பாட்டில்.

"அத்த, அந்தப் பொண்ணாண்ட சண்ட கிண்ட போடாத" என்கிறாள் அண்ணன் மகள் செல்வகுமாரி. நான் சண்டை போடுகிறவளா?

அக்டோபர் 12, பாங்காக்

மாலி மூன்று கோவில் காட்டினாள். எல்லாம் பொன். செருப்பைக் கழற்று, போடு, மறுபடி கழற்று. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். கான்வென்ட்டில் வளர்ந்தவள், அங்கே முழந்தாளிட மாட்டேன். யாரும் இடச் சொல்லவுமில்லை — அதுதான் எரிச்சல்.

தரை நம் கோவிலைவிடச் சுத்தம்.

அக்டோபர் 13

சாம்பலைக் கேட்டுவிட்டேன். லெயோ கற்றுக்கொடுத்த தமிழில் சொன்னாள்: "அம்மா கொண்டு போ. சுவர் உடைக்கச் சொல்றேன்." பிறகு சோறு போட்டாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 14

மதிலில் அவன் படம். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி பளபளக்கிறது. மாலி வைத்த நம் மீன்குழம்பை அவன் பெயரில் துறவிகள் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

அவர்கள் ஓத, மாலி சின்னக் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். செய்த புண்ணியம் செத்தவருக்குப் போய்ச் சேருமாம். நாமும் செத்தவர் பெயரில் பூசைக்குக் கருத்துக் கொடுப்பதில்லையா? ஐயோ, இதை ஏன் நினைத்தேன்.

ஓதி முடியுமுன் கெண்டி காலி. என் பையில் நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலை எடுத்து ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்! பிடுங்கத்தான் கையை நீட்டினேன். ஊற்றியபடியே அவள் லெயோ பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பின்னால் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள், அவரை இன்னொருவர். இப்படித் தொட்டால் எல்லாருடைய புண்ணியமும் போய்ச் சேருமாம்.

தண்ணீரை மரத்தடியில் ஊற்றினோம். தெளிக்க ஒரு சொட்டு மிச்சமில்லை. கொத்தனார் உளியோடு வந்து நின்றார். நாளைக்கு வரச் சொன்னேன்.

அக்டோபர் 15

கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். களைப்பு.

நவம்பர் 2, வில்லியனூர்

கல்லறைத் திருநாள். வீட்டுக்காரருக்குச் செவ்வந்தி மாலை.

"இன்னாத்த, வெறுங்கையோட வந்துட்ட? அத்தான எங்க?" — எல்லார் முன்னாலும் கேட்கிறாள் செல்வகுமாரி.

"அவன் வூட்ல கீறான்டி."

கல்லறைத் தோட்டத்திலிருந்தே மாலிக்குப் போன் போட்டேன். இன்றைக்கு அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றேன். இரண்டு. வெள்ளை. வாசனை போட்டது கூடாது.