ஊட்ல ஒரு குடும்பம் போதுங்க

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து மக்காச்சோளம், கேட்டில் லாரி வரிசை. மூட்டை மூட்டையாகக் குத்தூசியைச் செருகி சாம்பிள் எடுத்து எடுத்து, தலை, கண், மூக்கு எல்லாம் தூசி. ஈரம் அதிகம் என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பினேன். "பொம்பளைகிட்ட மாட்டுனா இப்பிடித்தான்" என்று கிளீனரிடம் டிரைவர் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்.

எங்கள் தீவன மில்லில் தரம் பார்க்கும் க்யூ.சி. பிரிவின் இன்சார்ஜ் இந்த மாதத்தோடு ஓய்வு. அவருக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து தினேஷ், என்னிடம் வேலை பழகிய பையன். கணக்குப்படி எனக்குத்தான் வர வேண்டும். முதலாளி வாயால் வரும்வரை எண்ணக்கூடாது. எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன்.

வாங்க: யாழினிக்கு வெள்ளை சாக்ஸ். துவரம்பருப்பு. கேஸ் புக் பண்ண.

மார்ச் 4, செவ்வாய்

இன்சார்ஜ் வேலை தினேஷுக்கு.

முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வேறு. டீ வந்தபோதே தெரிந்துவிட்டது.

"அம்மிணி, உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க. ஆனா இன்சார்ஜ்னா ராத்திரியில லோடு வரும், கூப்புடுவாங்க. உங்களுக்குச் சின்னப் புள்ளைக ரெண்டு இருக்குது. எதுக்கு உங்களுக்குச் சிரமம்."

"தினேஷுக்கும் கைக்குழந்தை இருக்குதுங்களே."

"அதேதானுங்க நானும் சொல்றேன். குழந்தை பொறந்ததுல இருந்து பையனுக்குப் பொறுப்பு வந்திருச்சு. குடும்பஸ்தன். நாமதான் தூக்கி உடோணும்."

திருப்பித் திருப்பி யோசித்துப் பார்க்கிறேன். குழந்தை அவனைத் தூக்குகிறது. என்னை உட்கார வைக்கிறது. இதைச் சொன்னவர் சிரிக்கக்கூட இல்லை. நல்ல மனிதர். என் கவின் பிறந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தவர். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போடச் சுலபம்.

இன்னொன்று: தினேஷுக்கு நான் கூட இருந்து எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "நீங்க அவனுக்கு அக்கா மாதிரி."

டீயைக் குடிக்கவில்லை.

அதே நாள், வீட்டில்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, "நல்லதாப் போச்சு புள்ள. தலைவலி மிச்சம்" என்றார்.

கோபத்தில் அடுப்படிக்கு வந்து, "யாழினி, தட்டெல்லாம் எடுத்து வை சாமி" என்றேன். யாழினிக்கு ஒன்பது வயது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கவினுக்குப் பதின்மூன்று. சோபாவில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் சும்மாதான இருக்கான்" என்றாள். எழுந்தும்விட்டாள். கேள்வியும் கேட்டாள், வேலையும் செய்தாள். அந்த இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீ உக்காரு. கவின், எந்திரி."

"நானா?"

"நீதான்."

"ஆம்பளப் பையன எதுக்கு..." என்று அவர் தொடங்கினார். பார்த்தேன். முடிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "தினேஷுக்கு நான் கத்துக்குடுக்க மாட்டேனுங்க."

"ஏனுங்க அம்மிணி?"

"என்னைவிட மேல வெச்சிருக்கீங்க. மேல இருக்கறவருக்குக் கீழ இருக்கறவ எப்பிடிங்க கத்துக்குடுக்கறது?"

முகம் சிவந்தது. "இஷ்டமில்லைன்னா பாத்துக்கங்க" என்றார். என்ன பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேபுக்குப் போய், காலையில் வந்த சாம்பிள்களுக்கு ஈரம் பார்த்தேன்.

மத்தியானம் தினேஷ் வந்தான். "அக்கா, நானாக் கேக்கலீங்க."

"தெரியும்."

"எம்மேல கோவமுங்களா?"

"உம்மேல இல்ல. உன் ஊட்டுக்காரி எப்ப வேலைக்குத் திரும்பறா?" நர்ஸாக இருந்த பெண்.

"அவ உட்டுட்டாளுங்க. குழந்தைய யாரு பாக்கறது?"

"உட்டாளா, உடச் சொன்னீங்களா?"

சாம்பிள் பைகளை அடுக்கிவிட்டுப் போனான். அடுக்கியது தப்பு வரிசை. சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கம்பெனியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ரோஸ். நான் என் பழைய பச்சை சுடிதாரில் போனேன். ஆபீஸ் வாசலில் கோலப் போட்டி. ஜட்ஜ் தினேஷ், பாவம்.

முதலாளி பேச்சு: பெண் பொறுமை, பெண் தியாகம், பெண் வீட்டின் விளக்கு. பேக்கிங்கில் இருக்கும் செல்வி அக்கா என் காதில், "விளக்குன்னா எரியறது நாமதான?" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பரிசு: ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். என்னுடையதைத் தினேஷ் கையில் கொடுத்தேன். "குடும்பஸ்தன். வெச்சுக்க." வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான்.

மார்ச் 10, திங்கள்

பரமத்தி வேலூர் ரோட்டில் ஒரு தீவன மில்லில் க்யூ.சி. இன்சார்ஜுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று செல்வி அக்கா சொன்னார். அவர் தங்கை அங்கே வேலை. போன் போட்டேன். புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

முதலாளியிடம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். வயிற்றுவலி, உறவில் கல்யாணம், எதையாவது சொல்லியிருக்கலாம். "இண்டர்வியூக்குப் போறேனுங்க" என்றேன். லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

மார்ச் 12, புதன்

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இரண்டு பக்கமும் வாழை, கரும்பு. கொஞ்சம் குளிர்ந்த காற்று.

இண்டர்வியூ எடுத்தது அந்த மில் முதலாளியின் மகன், சின்ன வயது. பூஞ்சை, ஈரப்பதம், புண்ணாக்கில் கலப்படம் எல்லாம் கேட்டார். சொன்னேன். கடைசியில்:

"குழந்தைங்க எத்தனைங்க?"

நினைத்தேன், இங்கேயுமா.

"எனக்கு முன்னாடி உள்ள வந்தாரே, அவர்கிட்டயும் இதைக் கேட்டீங்களா?"

பேனாவை உருட்டினார். வேலை போச்சு என்று முடிவு செய்துகொண்டேன். போகட்டும், கேட்டாகிவிட்டது.

"கேக்கலீங்க" என்றார். "கேட்டிருக்கக் கூடாதுதான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ராத்திரி டூட்டி வரும். முடியுமான்னு மட்டும் சொல்லுங்க."

"முடியுமுங்க."

மார்ச் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது. ஒண்ணாம் தேதி சேர வேண்டும்.

அவரிடம் சொன்னேன். இந்த முறை செய்தித்தாளை மடித்தார்.

"ராத்திரி டூட்டியா? நான் ஒத்துக்க மாட்டேன்."

"கேக்கலீங்க. சொல்றேன்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் நானே கேட்டேன் அதை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் நான் பேசியதில்லை. அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். சாப்பாட்டை மூடி வைத்தேன். கூப்பிடவில்லை.

மார்ச் 15, சனி

ராஜினாமா கொடுத்தேன். முதலாளி வாசித்துவிட்டுத் தினேஷையும் கூப்பிட்டார். இருவருமே இன்சார்ஜாக இருக்கலாமாம், தினேஷ் மெயின், நான் ஜாயிண்ட்.

"வேண்டாமுங்க."

"உங்கள இங்க வேலைக்காரியாவா வெச்சிருந்தோம்? குடும்பத்துல ஒருத்தராத்தான பாத்தோம் அம்மிணி." உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அதனாலதானுங்க போறேன். ஊட்ல ஒரு குடும்பம் போதுங்க."

தினேஷ் தரையைப் பார்த்தான். கேட் வரை கூட வந்தான். திரும்பிப் போகும்போது, "ஊட்ல அவகிட்டப் பேசறேனுங்க அக்கா" என்றான். பேசட்டும், பார்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

அவர் இன்னும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட யாழினி வழியாக வருகிறது. இரவில் பயமாக இருக்கிறது, இதை இங்கேதான் எழுத முடியும். தப்பு செய்கிறோமோ என்று அல்ல. இந்த வீடு இப்படியே இருந்துவிடுமோ என்று.

கவின் சோறு வடிக்கப் பழகிவிட்டான். குழைந்த சோறு. "பிரெண்ட்ஸ்கிட்டச் சொல்லாதீங்கம்மா" என்றான். "சொல்லுவேன்" என்றேன்.

அவருடைய அக்கா போனில்: "பையனச் சமைக்க உடறியாமா?"

"ஆமாங்க அண்ணி. பசி அவனுக்குந்தானுங்க வருது."

மார்ச் 30, ஞாயிறு

உகாதி லீவில் பக்கத்து வீடு ஒரே சத்தம். நாளை மறுநாள் புது வேலை. எடுத்த எடுப்பிலேயே ராத்திரி வாரம்.

காலையில் அவர் பேசினார். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. சுவரைப் பார்த்துத்தான்.

"நீ காலையில வர நேரமாச்சுன்னா யாழினிக்கு யாரு ஜடை பின்றது?"

சீப்பை எடுத்து நீட்டினேன். வாங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம். வாங்கினார். யாழினியை அவருக்கு முன்னால் உட்காரவைத்து, நான் எதிரில் உட்கார்ந்து, மூன்றாகப் பிரி, இது மேலே, அது அடியில் என்று சொன்னேன். இழுத்துவிட்டார்.

"வலிக்குதுப்பா."

அவிழ்த்தார். மறுபடி பிரித்தார். ஒரு பக்கம் குண்டாக, ஒரு பக்கம் ஒல்லியாக. என் கை தானாக எழுந்தது. மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அவர் மூன்றாவது முறை தொடங்கினார்.