சொன்னால்தான் கிடைக்கும்

ஜூலை 8
பேச்சுப் பயிற்சிக்கு எனக்கென்று ஒதுக்கிய முதல் குழந்தை இன்று வந்தாள். மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை வருவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறாள். அவள் விரலை நீட்டினால் வீடே ஓடுகிறதாம். மகாராணி என்று பெயர் வைத்துவிட்டேன்.

பயிற்சி அறையின் ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அவர் தெரியமாட்டார். அவருக்கு நாங்கள் தெரிவோம்; வீடியோ எடுப்பார், எனக்கு மதிப்பெண்ணும் போடுவார்.

ஜூலை 15
கையை இழுத்தால் கொடுக்காதே, சத்தம் வந்தால்தான் கொடு என்பது டீச்சரின் கட்டளை. சோப்புக்குமிழிப் புட்டியை உயரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதாள், கிள்ளினாள், கடைசியில் "தா" என்றாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சரே எழுந்து வந்து கை கொடுத்தார்.

அந்த மிதப்பில் அவள் அம்மாவிடம், "வீட்லயும் இப்படியே பண்ணுங்க. சொன்னாத்தான் குடுக்கணும்" என்றேன். பெரிய டாக்டர் நான். எதற்கெல்லாம், எவ்வளவு நேரம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த குழந்தை வெளியே காத்திருந்தது.

ஜூலை 19
"தா" வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்கிறாள் அம்மா.

ஜூலை 26
இன்றும் இல்லை. புட்டியைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவைத் தனியே உட்காரவைத்துக் கேட்டேன்.

"நீங்க சொன்னபடிதான் மேடம் பண்றோம். தண்ணியக் காட்டி, சொல்லு சொல்லுன்னு அவங்கப்பா நிப்பாரு. சொல்லலைன்னா உள்ள வச்சிடுவாரு."

"தண்ணியையா?"

"எதுக்குன்னு நீங்க ஒண்ணும் சொல்லலையே மேடம்..."

ஆத்திரம் வருகிறது. யார் மேல்? அந்த ஆள் மேலா? குடிக்கிற தண்ணியிலயா இப்படி விளையாடுவாங்க, பாவிங்களா! நான் அதைச் சொல்லலையே... வேணாம்னும்தான் சொல்லலை. கேட்கும் முன்பே எல்லாம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

டீச்சரிடம் ஓடினேன். "வீட்ல தப்பாப் பண்ணா நாம என்னம்மா செய்யிறது? உன் செஷன் பிரமாதம். அந்த வீடியோவ ஜூனியர்ஸுக்குப் போட்டுக் காட்டப்போறேன்."

ஆகஸ்ட் 2
போட்டார்கள். "தா" வந்த இடத்தில் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூ.

ஆகஸ்ட் 9
அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். இனி வரமாட்டார்களாம்.

"இப்பல்லாம் அடமே இல்ல மேடம். எதுவுமே கேக்குறதில்ல. குடுத்தா வாங்கிக்கிறா, குடுக்கலைன்னா சும்மா இருக்கா. அவங்கப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்."

அது குணமானதன் அடையாளமில்லை, கேட்பதையே விட்டுவிட்டாள் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

வராந்தாவில் மகாராணியின் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அம்மா கவனிக்கவில்லை. குழந்தை திரும்பி அதைப் பார்த்தாள். அம்மாவின் கையை இழுக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு கூடவே நடந்தாள்.

நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். காலை நீட்டினாள், மாட்டிவிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.