பூச்சி கட்டியவர் பெயர்

அன்பு குறையாத சுதாவின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இருபத்தாறு நாளாகிறது. முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு எல்லாரும் உங்களைப் புகழ்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்து, கோபத்தில் கை வைக்காதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று உங்கள் மீன்பிடிச் சங்கத்து ஓலாவ் வெஸ்ட்லி நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே தூண்டில் ஊசியில் நூலும் இறகும் கட்டிச் செய்த பன்னிரண்டு பொய்ப் பூச்சிகள். கீழே பித்தளைத் தகட்டில் ‘கட்டியவர்’ என்று உங்கள் பெயர். சங்கத்துச் சுவரில் மாட்டப் போகிறார்களாம்.

எல்லாம் ஆற்றுக் கல்லுக்கு அடியில் ஊரும் அந்த இரட்டைவால் பூச்சி மாதிரித்தான். ட்ரவுட் மீனை ஏமாற்றக் கட்டியவை. அதில் ஒன்றையாவது நீங்கள் கட்டினீர்களா?

நோர்வேக்கு வந்து, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டி வெட்டி உங்கள் விரல்கள் மடங்காமல் போய்விட்டன. நூல் பிடிக்க முடியாமல் ஊசியை எறிந்தீர்கள். எடுத்தவள் நான். ஊசித் தண்டில் ஈயக்கம்பி சுற்றி, வாலுக்கு இரண்டு இறகுக் கீற்று வைத்து, மண்ணிறக் கம்பளி நூலை வாலிலிருந்து தலைப்பக்கம் சுற்றி, முதுகில் கறுத்த இறகை மடித்து, கால்களுக்குக் கோழி இறகு விட்டுக் கட்டினேன். “நல்லா வந்திருக்கப்பா, ஆனா வெளியில சொல்லாதையும். மனிசி கட்டிறது எண்டா சிரிப்பாங்கள்” என்றீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். எத்தனை வருசம்!

யார் பழக்கியது என்று சங்கத்தில் கேட்டபோது உங்கள் அப்பு பழக்கினார் என்றீர்களாமே? ஆறு ஓடாத ஊரில் தபால் கொடுத்துத் திரிந்த மனிசன் ட்ரவுட் பூச்சி கட்டினாரா? நோர்வேக்காரர் நம்பினார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். சுதாவின் மகள் ஆரணி பள்ளிக்கூடத்தில் ‘பூச்சி கட்டும் அம்மப்பா’ என்று படம் கீறிக்கொண்டு வந்தாளே, அதைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பேத்திக்குமா பொய்?

எனக்குத் தெரிந்த நோர்ஸ்க் மொழியில் ஓலாவிடம் சொன்னேன்: “இதெல்லாம் நான் கட்டினது.” அவர் என் கையைப் பிடித்து, துக்கத்தில் அப்படித் தோன்றும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சுதா என்னை உள்ளே இழுத்தாள். “அம்மா, எனக்குத் தெரியும். ஆனா செத்த மனிசனை இப்ப ஏனம்மா?”

“உயிரோட இருக்கேக்கையும் வாய் திறக்கக்கூடாது, செத்தாப்பிறகும் திறக்கக்கூடாது எண்டா, நான் எப்பதான் திறக்கிறது? சொல்லடி!”

உங்கள் தூண்டில் சாமான் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். ஊசியைக் குறட்டில் பூட்டி, ஓலாவின் முகத்துக்கு முன்னால் கட்டினேன். கடைசியில், கோயில் மாலைக்குப் போடுவதுபோல இரண்டு விரலில் நூலைச் சுருக்கி, பூச்சியின் தலையில் மாட்டி இழுத்தேன். மனிசன் எழும்பி நின்றுவிட்டார். அந்த முடிச்சு எப்படிப் போடுவது என்று சங்கத்தில் ஒருவருக்கும் பிடிபடவில்லையாம். கேட்டால் ‘குடும்ப இரகசியம்’ என்பீர்களாம். குடும்பம் குசினி அடுப்படியில்தானே இருந்தது!

ஓலாவ் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். சட்டைப்பையிலிருந்த சின்னக் கத்தியாலேயே தகட்டைக் கழற்றினார். இரண்டு பெயரையும் போடட்டுமா என்றார். “போடுங்கோ. கட்டினது புவனேஸ்வரி. மீன் பிடிச்சது அவர்” என்றேன். பிடித்தீர்கள்தானே. அதில் பொய் இல்லை.

உங்கள் மேல் ஆசை இல்லாமலா இத்தனை பூச்சி கட்டினேன்? ஒரு தரம், ஒரேயொரு தரம், யாருக்கு முன்னாலாவது ‘இவதான்’ என்று கையைக் காட்டியிருக்கக்கூடாதா?

முப்பத்தொன்றாம் நாள் உங்கள் படத்துக்கு மாலை நான்தான் கட்டுவேன். அதே முடிச்சுத்தான் போடுவேன். ஆர் கட்டினது என்று ஒருவர் கேட்டாலும், இந்த முறை நீங்கள் முந்த முடியாது. பதில் நான் சொல்லுவேன்.

கோபம் ஆறாத உங்கள் மனைவி,
சுதாவின் அம்மா, ஆரணியின் அம்மம்மா,
புவனேஸ்வரி