சனிக்கிழமை வரும் தாடை டாக்டர்

செவ்வாய், அக். 6

காலையில் தூறல். ஜீப்பில் வெள்ளிமலைக்கு ஒரே ட்ரிப். ஆள் கம்மி, மூட்டை ஜாஸ்தி. வளைவில் பனி, முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது.

இடது கீழ்க்கடவாய். பல் பிடுங்கி ஐந்து வாரம், குழி இன்னும் மூடவில்லை. நாக்கு சும்மா இருக்கிறதா, அங்கேயே போய்க் குடைகிறது. ஓரமெல்லாம் தடிப்பு, கல் மாதிரி.

பிடுங்கியது கள்ளக்குறிச்சி பல் செட்டுக்காரர். அப்பா காலத்துக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பல் செட்டுகள் சிரிக்கும். பத்து நிமிஷ வேலை. பல்லை என் கையில் கொடுத்தார். "சொத்தையே இல்லப்பா. நல்ல பல்லு. இது எதுக்கு ஆடுச்சின்னுதான் தெரியல." அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன்.

வலிக்கு வழக்கமான வைத்தியம். புகையிலைத் துணுக்கைக் குழியில் அடக்கினேன். மரத்துவிட்டது. மலை ஏறுகிற டிரைவர் எல்லாருக்கும் இதுதான் மருந்து.

புதன், அக். 7

வெயில். முன்சீட்டில் பள்ளிக்கூட டீச்சர், வெள்ளிமலையில் வேலை. நான் ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்துவிட்டார். விடுவதாக இல்லை.

"யாருகிட்டண்ணே புடுங்கினீங்க?"

சொன்னேன்.

"அவரு டாக்டரே இல்லண்ணே. போர்டுல பேருக்குக் கீழ பி.டி.எஸ்.னு இருந்துச்சா? பதிவு நம்பர் இருந்துச்சா?"

பெரிய பல் படம் இருந்தது, அதைத்தான் பார்த்தேன். என் ஜீப்புக்கு எஃப்.சி. எங்கே, பெர்மிட் எங்கே என்று வழியெல்லாம் கேட்கிறார்கள். என் வாய்க்குள் கை விட்ட ஆளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டாள்.

டீச்சர் சொன்னது, மறக்காமல் இருக்க:

பி.டி.எஸ். – எல்லாம் பார்க்கிற பல் டாக்டர். முதலில் இவரிடம்.
எம்.டி.எஸ். – மேல்படிப்பு. வேருக்கு ஒருத்தர், ஈறுக்கு ஒருத்தர், கம்பிக்கு ஒருத்தர், தாடைக்கு ஒருத்தர்.
ஜி.எச். – கவர்மென்ட் ஆஸ்பத்திரி. பல்லுக்குத் தனிப் பிரிவு. காலையிலேயே போய்ச் சீட்டு போடணும்.
பல் காலேஜ் – தூரம். ஆனால் எல்லா டாக்டரும் ஒரே இடத்தில்.

ஒர்க் ஷாப் மாதிரிதான். டிங்கர் வேறு, எலக்ட்ரீஷியன் வேறு. இத்தனை வயதாகி இப்போதுதான் தெரிகிறது.

செல்வி தட்டைப் பார்த்தாள். "இன்னாங்க, சோறு அப்படியே கீது?" வாய்ப்புண் என்றேன். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பொய்.

வியாழன், அக். 8

ஜி.எச். போகலாம் என்று கிளம்பினேன். வரிசையைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பிவிட்டது. பயம்தான், வேறென்ன. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கதவு கிளினிக். போர்டில் மூன்று பேர், பி.டி.எஸ்., எம்.டி.எஸ்., நம்பர் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உள்ளே ஏ.சி. குளிர்.

"கிளீனிங்கா, ரூட் கெனாலா, கம்பியா சார்?" என்றது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

"குழிம்மா."

கம்ப்யூட்டரில் குழி இல்லை போல. உள்ளே போய் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தது. அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு நிமிஷம்கூட இல்லை. "இதைத் தாடை டாக்டர்தான் பார்க்கணும். சேலத்துலேந்து சனிக்கிழமை மட்டும் வருவாங்க. கண்டிப்பா வந்துடுங்க." கண்டிப்பா என்பதை இரண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்ததும் சந்தோஷம். இன்னும் ரெண்டு நாள் இருக்கிறதே என்று.

வெள்ளி, அக். 9

அடைமழை. ட்ரிப் இல்லை. ஜீப் கண்ணாடியில் வாயைப் பார்த்தேன், செல்போன் டார்ச் வைத்து. வெள்ளையாகத் திட்டு, பக்கத்தில் சிவப்பு. வாய் முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறது. துப்பினால் ரத்தம்.

மாரி வந்தான், அவனும் டிரைவர்தான். "இதுக்கு இன்னாத்துக்குண்ணே டாக்டரு? பொகையிலைய வலது பக்கம் மாத்தி அடக்கு, சரியாப் பூடும்." சிரிப்பு. டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நாங்கள் ஆறு டிரைவர். ஆறு பேருக்கும் ஒரு கன்னம் உப்பியிருந்தது. இத்தனை நாள் நான் அதைப் பார்த்ததே இல்லை.

புகையிலைப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தேன். சாயங்காலம் வேறு வாங்கினேன்.

சனி, அக். 10

மேகமூட்டம். தாடை டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு. வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். மலையில் குளிர் எப்படி, எத்தனை வளைவு. தாடைக்கு அடியில் விரலால் அழுத்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மறுபடி அழுத்தினார். பேச்சு நின்றுபோச்சு.

"புகையிலை எங்க வைப்பீங்க?"

"அந்தக் குழியிலதாம்மா."

"பல் எடுத்த அப்புறமுமா?"

"வலிக்குதேம்மா."

கையுறையைக் கழற்றினார். "நான் இன்னைக்கு இதுல கை வைக்கக் கூடாது. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தர்றேன். திங்கட்கிழமையே போங்க."

"புத்துநோயாம்மா?"

"டெஸ்ட் வராம நான் சொல்லக் கூடாது. கூட யார் வந்திருக்காங்க?"

யாரும் இல்லை என்றேன். கதவு வரை கூடவே வந்தார். எந்த டாக்டரும் எனக்காகக் கதவு வரை வந்ததில்லை.

லெட்டர் பெர்மிட் கவருக்குள். செல்வியிடம், களிம்பு எழுதிக் கொடுத்தார்கள் என்றேன். எப்படிச் சொல்வது.

ஞாயிறு, அக். 11

மழை விட்டது. ஜீப் கழுவினேன். செல்வி ஒரு பையோடு வாசலுக்கு வந்தாள். என் வேட்டி ரெண்டு, அவள் புடவை ரெண்டு, பிளாஸ்க், ஆதார் கார்டு.

"இன்னாது இது?"

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்ல."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வூட்ல தலகாணி உறைய யாரு தொவைக்கறா? ரத்தமும் நாத்தமும் மூணு மாசமா பாத்துக்கினுதான் இருக்கறேன்."

"மூணு மாசமாவா?"

"பல்லு ஆடறதுக்கு முன்னாலேந்தே. கேட்டா இன்னா சொல்லிடுவீங்களோன்னு பயம். அதான் கேக்கல."

கையில் ஈரத் துணியோடு நின்றேன். அப்புறம் பெர்மிட் கவரிலிருந்து லெட்டரை எடுத்துக் கொடுத்தேன். நாளை சேலத்துக்கு முதல் பஸ். ஜீப்பை நான் எடுக்கக் கூடாதாம். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.